கடப்புக்காரம்மா

பசறையிலிருந்து மொனராகலைப் பக்கம் இறங்கிய பழைய வண்டிப்பாதையில், மலைச்சரிவு முடிந்து தரைக்காடு தொடங்கும் இடத்தில் ஒரு கடப்பு இருந்தது. பாதையின் இரண்டு ஓரத்திலும் துளையிட்ட மரக்கட்டைகள், குறுக்கே மூன்று கம்புகள். ஆளோ வண்டியோ வந்தால் கம்புகளை உருவி வழிவிட்டு, போனதும் மறுபடி செருக வேண்டும். கடப்புக்குக் கீழே இலுக்குப் புல் மண்டிய வெளி, ஒரு சிறிய குளம், மாட்டுப் பட்டி. கம்புகள் இல்லாவிட்டால் எருமைகள் மேலேறித் தேயிலைக்குள் நுழைந்துவிடும். அப்புறம் தோட்டத்துக் காவல்காரரிடம் கெஞ்சித்தான் அவற்றை மீட்க வேண்டும்.

அது நல்ல பாதை என்று நான் சொல்லமாட்டேன். மழைக்காலத்தில் வண்டிச் சக்கரம் அச்சு வரை புதையும். வெயில் காலத்தில் புழுதி மூக்கை அடைக்கும். தனியன் யானை நிற்கிறது என்று யாராவது சொன்னால் அரைநாள் மரத்தடியில் காத்திருக்க வேண்டும். அந்தப் பாதையில் நடந்தவர்கள் யாரும் அதை விரும்பி நடக்கவில்லை. வேறு வழி இல்லாததால் நடந்தார்கள்.

பட்டி வைத்திருந்த அம்மாவை மேலே தேயிலைத் தோட்டங்களிலும் கீழே ரப்பர் தோட்டத்திலும் கடப்புக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். நான் பெரியம்மா என்று கூப்பிட்டேன். நான் முதலில் பார்த்தபோது ஐம்பது வயதிருக்கும். சீலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டிருப்பார். தலையில் துண்டு, வாயில் வெற்றிலை. எருமைகளோடு பேசிப் பேசி, பக்கத்தில் நிற்கிறவரிடம் கூட தூரத்து ஆளைக் கூப்பிடுகிற மாதிரிதான் பேசுவார். தமிழ் பேசுகிற வேகத்திலேயே சிங்களமும் பேசுவார். திட்டும்போது இரண்டும் கலந்து வரும்.

கடப்பைத் திறக்கச் சொன்னால் அவர் உடனே திறக்கமாட்டார். ஒரு கையைக் கம்பின் மேல் வைத்துக்கொண்டு, "எங்க போறீங்க? எப்ப திரும்புவீங்க?" என்று கேட்பார். பதில் வந்த பிறகுதான் கம்பு உருவப்படும். கங்காணியாக இருந்தாலும், கதிர்காமம் போகிற பண்டாரமாக இருந்தாலும், குதிரையில் வந்த துரையாக இருந்தாலும் அதே கேள்விதான். துரைக்குச் சிங்களத்தில் கேட்டாராம். துரை சிரித்துக்கொண்டே புதன்கிழமை என்றாராம்.

கேட்டதோடு நின்றிருந்தால் பைத்தியம் என்று விட்டிருப்பார்கள். அவர் யார் என்ன சொன்னார்களென்று மறக்கமாட்டார். சொன்ன நாளில் ஆள் திரும்பாவிட்டால் அடுத்து அந்த வழியாகப் போகிற எல்லாரிடமும் சொல்லி அனுப்புவார். "கீழ போற வழியில தோள்ல பச்சத் துண்டு போட்ட ஒருத்தரப் பாத்தா, கடப்புல கேட்டாங்கன்னு சொல்லுங்க." மேலே போகிறவர்களிடமும் அதையே சொல்வார். அதற்கும் தகவல் வராவிட்டால், அண்ணன் மகன் ஒருவனைப் பட்டியில் விட்டுவிட்டு, தாமே வண்டியைப் பூட்டிக்கொண்டு தேடிப் போவார்.

அப்படித்தான் ஒரு ஆடி மாதத்தில், கதிர்காமத் திருவிழாவுக்குப் போன ஹாலிஎலக்காரக் கிழவர் ஒருவரைப் பாலை மரத்தடியில் காய்ச்சலோடு கண்டுபிடித்துத் தூக்கி வந்தார். கூடப் போனவர்கள் அவரைப் பின்னால் வருவார் என்று விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கிழவர் பட்டியில் பதினைந்து இருபது நாள் கஞ்சி குடித்துக் கிடந்துவிட்டு எழுந்து வீடு போனார். பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த வழியாக வரும்போது கடப்புக்காரம்மாவுக்கு ஒரு கட்டு வெற்றிலை கொண்டுவருவாராம்.

எல்லாருக்கும் இது பிடித்தது என்று சொல்ல முடியாது. பசறையில் துணி மூட்டை சுமந்து விற்கிற வியாபாரி ஒருவர் இருந்தார். முன்பல்லில் தங்கம் கட்டியவர். திங்கட்கிழமை திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் புதன் வரை திரும்பவில்லை. உடனே மேலும் கீழும் தகவல் பறந்தது. மேலே போன தகவல் பசறைக் கடைத்தெருவில் இருந்த அவருடைய மனைவியின் காதில் விழுந்தது. அந்த அம்மா புருஷனுக்கு என்னமோ ஏதோ என்று அழுதுகொண்டே வண்டி பிடித்து இறங்கினார். கீழே போய்ப் பார்த்தால் மனிதர் சௌக்கியமாகத்தான் இருந்தார். இருந்த வீடுதான் சரியில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு அந்த வியாபாரி ஊரைச் சுற்றிக்கொண்டு வெல்லவாய வழியாகப் போய்வந்தார்.

இந்தக் கதையை எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். கொழுந்து மலையில் நிரை பிடித்து வரிசையாகக் கொழுந்து பறிக்கும்போது ஒருத்தி, "எங்க போறீங்க, எப்ப திரும்புவீங்க?" என்று அந்தக் குரலிலேயே கேட்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஐம்பதுகளின் நடுப்பகுதி. அப்பா பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொஞ்சம் ஆட்களை வேலை வாங்கும் சில்லறைக் கங்காணி. அதிகம் பேசாதவர். பேசாமலேயே வீட்டில் எல்லாம் நடக்க வேண்டும் என்று நினைப்பவர். எனக்கு அத்தை மகன் ஒருவரைப் பேசி வைத்திருந்தார். எனக்கோ தோட்டத்துக் கடைக்குச் சாமான் ஏற்றிவரும் வண்டிக்காரர் சுப்பையாவைப் பிடித்திருந்தது. அவர் எங்கள் ஆட்கள் இல்லை. அந்த ஒன்றைத் தவிர அவரைப் பற்றி அப்பாவால் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒன்று போதுமாக இருந்தது.

சுப்பையாவின் அண்ணன் மொனராகலைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். அங்கே வேலை கிடைக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். வேலை பிரிக்கும் பெரட்டுக்கு எல்லாரும் போன ஒரு காலையில் நாங்கள் இருவரும் நடக்கத் தொடங்கினோம். நான் மஞ்சள் சீலை கட்டியிருந்தேன். என்னிடம் இருந்ததில் நல்ல சீலை அதுதான்.

உச்சி வெயிலில் கடப்புக்கு வந்தோம். கடப்புக்காரம்மா கம்பின் மேல் கையை வைத்துக்கொண்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க போறீங்க?"

"கதிர்காமத்துக்குங்க" என்றார் சுப்பையா.

"எப்ப திரும்புவீங்க?"

சுப்பையா என்னைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை" என்று நான் சொன்னேன். எதற்கு வெள்ளிக்கிழமை என்று சொன்னேனோ தெரியாது. வாயில் வந்தது.

"நடந்து போயி வெள்ளிக்கிழமை திரும்ப முடியாது புள்ள" என்றார். ஆனாலும் கம்பை உருவினார். போகும்போது ஒரு சிரட்டையில் தயிரும் கருப்பட்டித் துண்டும் கொடுத்தார். அதை வாங்கிக் குடித்தபோது, பொய் சொன்னதற்காக எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வழியில் ஒரு ஆற்றைத் தாண்டியதும் மறந்துவிட்டேன்.

அவர் மறக்கவில்லை. வெள்ளி போய், சனி போய், ஞாயிறும் போனது. மஞ்சள் சீலை கட்டின புள்ள ஒன்றும் சிவப்பாக ஒரு பையனும் கதிர்காமம் போனவர்கள் திரும்பவில்லை என்று மேலும் கீழும் சொல்லி அனுப்பினார். பிறகு வண்டியைப் பூட்டிக்கொண்டு தாமே கீழே தேடி வந்தார்.

நான் ரப்பர் தோட்டத்து லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் அவர் நிற்கிறார், முகமெல்லாம் புழுதி.

"உசுரோட இருக்கியா?" என்றார். படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். குடித்து முடிக்கும்போதுதான் அவர் கண் என் கழுத்தில் இருந்த புது மஞ்சள் கயிற்றில் போய் நின்றது.

"ஓடி வந்தீங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அட, அத அங்கனயே சொல்லியிருந்தா நான் ஏன் ஊரெல்லாம் கேட்டிருக்கப் போறேன்? ஆனை மிதிச்சிருச்சோன்னு ரெண்டு நாளா சோறு எறங்கல எனக்கு." திட்டினார். அப்புறம் எழுந்து சீலையைத் தட்டிக்கொண்டு, "மேலயும் சொல்லி விட்டுட்டேனே புள்ள" என்றார். அந்தக் குரலில் முதல் தடவையாகச் சத்தம் இல்லை.

சுப்பையா வேலையிலிருந்து வந்ததும் சொன்னேன். வேறு எங்கே போவது? அவருடைய அண்ணன் ஒருவரைத்தான் எங்களுக்குத் தெரியும். வருவது வரட்டும் என்று இருந்தோம்.

தகவல் பசறைக் கடைத்தெரு வழியாக எங்கள் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அப்பாவும் என் அண்ணன் மருதையும் வண்டியில் இறங்கி வந்தார்கள். கடப்பில் கேட்டார்கள். மஞ்சள் சீலை கட்டின பெண் எங்கே என்று.

கடப்புக்காரம்மா சொல்லிவிட்டார். எந்தத் தோட்டம், எந்த லயம், எத்தனையாவது காம்பரா என்பது வரை. இதை எண்ணி நான் பல வருடம் உள்ளுக்குள் அவர் மேல் கோபமாக இருந்திருக்கிறேன். நேரில் ஒருநாள் கேட்டும்விட்டேன். "தேடி வர்றவங்ககிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன் புள்ள. தேடுறது என்னன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

அவர்கள் வந்தபோது சுப்பையா ரப்பர் மலையில் இருந்தார். அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றினார். பக்கத்துக் காம்பராக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். தகப்பன் வந்து மகளைக் கொண்டுபோகும்போது யார் என்ன சொல்ல முடியும்? அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியின் முன்பக்கம் உட்கார்ந்து மாட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார். வழி முழுதும் அண்ணன்தான் திட்டிக்கொண்டு வந்தார். அடுத்த தை மாதம் அத்தை மகனுக்கே கட்டி வைப்பதாகவும், அதற்கும் அவன் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்னைக் கிணற்றில் தள்ளுவதாகவும் சொன்னார்.

கடப்புக்கு வரும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மூன்று கம்புகளும் செருகியிருந்தன. தண்ணீர் குடித்துவிட்டு வந்த எருமைகள் வண்டியைச் சுற்றி வந்து நின்றன. கம்புகளுக்கு அந்தப் பக்கம் கடப்புக்காரம்மா நின்றார்.

"கம்ப எடுங்கம்மா" என்றார் அண்ணன்.

"எடுக்குறேன். கேக்க வேண்டியதக் கேட்டுட்டு எடுக்குறேன்." என்னைப் பார்த்தார். "எங்க போற புள்ள?"

"வீட்டுக்குப் போறா" என்றார் அண்ணன்.

"ஒங்கிட்ட கேக்கல தம்பி. நீ போறத நீ சொல்லு. அவ போறத அவ சொல்லட்டும். எங்க போற புள்ள?"

அப்பாவின் முதுகு எனக்கு முன்னால் இருந்தது. வெள்ளைச் சட்டையில் வியர்வை படர்ந்திருந்தது. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அந்த முதுகில்தான் என்னை மருந்துக் காம்பராவுக்குத் தூக்கிப் போவார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு எதிர்த்துப் பேச எனக்கு வரவில்லை.

கடப்புக்காரம்மா மூன்றாம் தடவையும் கேட்டார். இந்த முறை மெதுவாகக் கேட்டார்.

"நான் எங்கயும் போகல பெரியம்மா" என்றேன். "என்னயக் கொண்டு போறாங்க."

"அப்ப கடப்பு தெறக்காது" என்றார்.

அண்ணன் வண்டியிலிருந்து குதித்தார். கையில் மாட்டுக் கம்பு இருந்தது. கடப்புக்காரம்மா சண்டைக்கு வரவில்லை. நடுக் கம்பின் மேல் இரண்டு கைகளையும் போட்டுச் சாய்ந்துகொண்டு நின்றார், அக்கம்பக்கத்து வீட்டுக்காரியோடு கதைபேச நிற்கிற மாதிரி. அண்ணன் கம்பை ஓங்கினார். அவர் கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"மருதை" என்றார் அப்பா. வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் சொல் அதுதான். "கீழ போடு."

"அப்பா, இந்தப் பொம்பள யாரு நம்மளக் கேக்குறதுக்கு?"

"கீழ போடுன்னேன்."

அண்ணன் கம்பைப் போட்டார். எருமை ஒன்று சக்கரத்தில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. வண்டி மெல்ல ஆடியது. பிறகு அப்பா திரும்பாமலேயே சொன்னார். "எறங்கு."

நான் இறங்கினேன்.

கடப்புக்காரம்மா கம்புகளை ஒவ்வொன்றாக உருவினார். வண்டி நகர்ந்தபோது அவர் அப்பாவிடமும் அதே கேள்வியைக் கேட்டார்: "எங்க போறீங்க? எப்ப திரும்புவீங்க?"

"வீட்டுக்கு" என்றார் அப்பா. "திரும்ப மாட்டேன்."

வண்டி மேட்டில் ஏறி மறைந்தது. பக்கத்துக் காம்பராக்காரர்கள் சொல்லி, சுப்பையா தோட்டத்திலிருந்து ஓடியே வந்து சேர்ந்தார். கடப்புக்காரம்மா அவருக்கும் தயிர் கொடுத்தார்.

பிறகு நாங்கள் அந்த ரப்பர் தோட்டத்திலேயே தங்கிவிட்டோம். எனக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை கிடைத்தது. வேலைக்குப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மாதம் ஒருதரமாவது பட்டிக்குப் போவேன். தயிர் வாங்கப் போவதாகச் சொல்லிக்கொள்வேன். முதல் பெண் பிறந்தபோது அவர்தான் வந்து இருந்து பத்தியம் பார்த்தார். அம்மா செய்ய வேண்டியது. நான் அழுதபோது, "பால் வத்திரும், அழாத" என்று அதட்டினார்.

அப்படி ஒரு நாள், அவர் பால் கறந்துகொண்டிருக்கும்போது கேட்டேன். "பெரியம்மா, ஏன் எல்லாரயும் எப்ப திரும்புவீங்கன்னு கேக்குறீங்க?"

அவருடைய புருஷனை இந்தப் பாதையில் யானை அடித்துவிட்டது என்று லயங்களில் சொல்வார்கள். அதைத்தான் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"அவரு போனப்ப நான் கேக்கல" என்றார். கை நிற்கவில்லை, பால் செம்பில் விழுந்துகொண்டே இருந்தது. "நமக்கெல்லாம் வோட்டு இல்லன்னு சட்டம் வந்துச்சே, அதுக்கு மறு வருசம். தலையில துண்டக் கட்டிக்கிட்டு கடப்பத் தாண்டிப் போனாரு. நான் கன்னுக்குட்டியக் கட்டிக்கிட்டு இருந்தேன். பிரஜாவுரிமைப் பதிவு விசயமா பதுளைக்குப் போறாராக்கும்னு இருந்துட்டேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு ஆளு சொன்னான், தலைமன்னார்ல கப்பல் ஏறுறதப் பாத்தேன்னு. திருச்சிப் பக்கம் அவரு அண்ணன் தம்பிங்க இருந்தாங்க."

"கேட்டிருந்தா மட்டும் நின்னுருப்பாரா?"

"நின்னுருக்க மாட்டாரு. ஒரு நாளு சொல்லியிருப்பாரு. பொய்யாவாச்சும் சொல்லியிருப்பாரு. அந்த நாளு வரைக்கும் நான் நிம்மதியா இருந்திருப்பேன். அந்த நாளு தாண்டினதும் கோவப்பட்டிருப்பேன். எனக்கு ரெண்டும் இல்லாமப் போச்சு." செம்பை எடுத்து நுரையை ஊதினார். "கன்னுக்குட்டி அறுத்துக்கிட்டுப் போச்சு பாரு, பிடி."

புது ரோட்டு வேலை ஆரம்பித்தபோது சிவப்புக் கொடிகளும் அளவுச் சங்கிலியும் கொண்டு ஆட்கள் வந்தார்கள். பிறகு கல் உடைக்கிற பெண்கள், தார் பீப்பாய்கள், உருளை இயந்திரம். ரோடு கடப்பு வழியாக வரவில்லை. மேட்டைச் சுற்றி, பட்டியின் மேய்ச்சல் வெளியைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போனது. அந்தக் காணி அரசாங்கக் காணி. பெரியம்மாவிடம் எந்தக் கடுதாசியும் கிடையாது. அவர் பேருக்குக் காணி எழுதிக் கேட்கவும் முடியாது, அவர் இந்நாட்டுப் பிரஜை இல்லை. ரோட்டு வேலையைப் பார்த்த ஓவசியர் நல்ல மனிதர். பட்டியில் இருந்த அவருடைய குடிசையை மட்டும் ரோட்டோரத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார்; அதை யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டார்.

ரோடு திறந்த முதல் வாரங்களில் கடப்புக்காரம்மா குடிசை வாசலில் நின்று பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினார். டிரைவர் ஆள் ஏறப்போகிறது என்று நிறுத்துவார். இவர் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்து, "எங்க போறீங்க?" என்று கேட்பார். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். கண்டக்டர் மணியை அடித்தார். நாலைந்து தடவைக்குப் பிறகு டிரைவர், "ஏறுறதா இருந்தா ஏறுங்க, இல்லாட்டி வெலகுங்க" என்று கத்திவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் கை காட்டினாலும் பஸ் நிற்கவில்லை. லொறி ஒன்று ஒரு சினை எருமையை அடித்துப் போட்டுவிட்டுப் போனது. நின்று பார்க்கக்கூட இல்லை.

எனக்கு அவரை நினைத்து மனம் கஷ்டமாக இருந்தது. ஆனால் ரோட்டை நான் எப்படித் திட்டுவேன்? இரண்டாவது பிள்ளை குறுக்கே நின்றபோது தோட்டத்து மருந்துக்காரர் கையை விரித்துவிட்டார். என்னைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்ப் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நானும் பிழைத்தேன், பிள்ளையும் பிழைத்தான். பழைய பாதையாக இருந்தால் வண்டியிலேயே இரண்டு உயிரும் போயிருக்கும். இதைப் பெரியம்மாவிடம் சொன்னபோது அவர் என் மகனைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"நல்ல ரோடுதான்" என்றார். "இதுல யாரும் காணாமப் போக மாட்டாங்க." வருத்தமாகச் சொன்னாரா, நிம்மதியாகச் சொன்னாரா என்று அவர் முகத்தில் தேடினேன். பிள்ளையின் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுபதுகள் தொடங்கியிருந்த நேரம். ஒரு நாள் மருதையண்ணன் பிள்ளைக்காம்பரா வாசலில் வந்து நின்றார். தலைமுடி நரைத்திருந்தது. "அப்பா தவறிட்டாரு" என்றார். இத்தனை வருடத்தில் அதுதான் அவர் என்னோடு பேசியது.

நான் பிறந்த லயத்துக்குப் போனேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். சுப்பையாவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஓரத்தில் நின்று தப்புக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து காடாற்றிவிட்டு வந்து உட்கார்ந்தபோது, அண்ணன் வாசலில் கிடந்த ஒரு பலகையைக் காட்டினார். சின்னப் பலகை, நாலு குட்டைக் கால் வைத்தது.

"இது அப்பா செஞ்சது. அந்தக் கடப்புக்காரம்மாவுக்கு."

எனக்குப் புரியவில்லை.

"ஒனக்குத் தெரியாதா?" என்றார் அண்ணன். "அது வருசத்துல ரெண்டு மூணு தடவ இங்க வரும். ரோடு போடுறதுக்கு முன்னாடி நடந்தே வந்துச்சு. மொத தடவ வந்து வாசல்ல நின்னு, 'உங்க மக நல்லா இருக்கு, வேல கெடச்சிருக்கு'ன்னு சொன்னுச்சு. அப்பா எந்திரிச்சு உள்ள போயி கதவச் சாத்திட்டாரு. அது போயிருச்சு. ரெண்டாவது தடவ, பொம்பளப் புள்ள பொறந்திருக்குன்னு சொல்ல வந்துச்சு. அப்பா உள்ள போகல. திரும்பி ஒக்காந்துக்கிட்டாரு. அதுக்கப்புறம் ஒரு நாளு பலகைய வெட்டி, எழைச்சு, ஆணி அடிச்சாரு. யாருக்குன்னு சொல்லல. அது வந்தப்ப வாசல்ல போட்டிருந்துச்சு."

"ஏதாச்சும் கேப்பாரா?"

"ஒரு வார்த்த கேக்க மாட்டாரு. அது ஒக்காந்து எல்லாத்தயும் சொல்லும். மூத்தவளுக்குப் பல்லு மொளச்சது, ஒனக்கு ஆஸ்பத்திரியில ஆபரேசன் பண்ணினது, மாப்பிள்ளைக்குச் சம்பளம் கூடினது. அம்மா பிளேண்டி ஊத்திக் கொடுக்கும். குடிச்சிட்டுப் போயிரும். அது வர்ற மாசம் வந்துச்சுன்னா அப்பா பலகையத் தொடச்சு வெளிய போட்டுருவாரு. வேற யாராச்சும் அதுல ஒக்காந்தா எந்திரிக்கச் சொல்லுவாரு."

அன்று சாயங்காலப் பஸ்ஸில் திரும்பினோம். பிள்ளைகளோடு சுப்பையாவைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு, நான் மட்டும் குடிசைக்கு முன்னால் இறங்கிக்கொண்டேன். பட்டியில் மாடுகள் பாதியாகக் குறைந்திருந்தன. மேய்க்க இடமில்லாமல் விற்றுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சேதி தெரிந்துவிட்டது அவருக்கு. தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எப்ப?"

"நேத்துக்கு முந்தின நாளு. வேதனை இல்லாமப் போனாருன்னு அம்மா சொல்லுச்சு." பிறகு கேட்டேன். "பெரியம்மா, நீங்க அங்க போயி வந்தத எங்கிட்ட ஏன் ஒரு தடவ கூட சொல்லல?"

லொறி ஒன்று போனது. அதன் இரைச்சல் அடங்கிய பிறகுதான் பதில் சொன்னார்.

"சொல்லியிருந்தா நீ ஏதாச்சும் சொல்லி அனுப்பியிருப்ப. மன்னிச்சிருங்கன்னோ, பாக்கணும் போல இருக்குன்னோ. அப்புறம் நான் ஒன்னோட தூதாயிருவேன். அவரு பதில் சொல்லியாகணும். அவருக்குப் பதில் சொல்ல வராது புள்ள. பலகைய எடுத்து உள்ள வச்சிருப்பாரு."

நான் அழுதேன். அழாதே என்று அவர் அதட்டவில்லை. அடுப்பில் இருந்த பாலை இறக்கி வைத்தார். சர்க்கரை போட்டு ஆற்றி என் கையில் கொடுத்தார்.

"ஒங்கம்மா எப்படி இருக்கு?"

"தனியா ஒக்காந்திருக்கு. மருதையண்ணன் காம்பரா பக்கத்துலதான். ஆனா அம்மா யாரோடயும் பேசல."

"அப்ப வர்ற ஞாயித்துக்கெழம போவோம். நீயும் வா. புள்ளைங்களயும் கூட்டிக்க."

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறினோம். மடியில் தயிர்ப் பானையை வைத்துக்கொண்டு அவர் ஜன்னலோரமாக உட்கார்ந்தார். என் மகன் அவர் மேல் சாய்ந்துகொண்டான். பஸ் மலையில் ஏறத் தொடங்கியதும் அவர் தூங்கிவிட்டார். வளைவுகளில் தலை கம்பியில் இடித்தது; எழவில்லை. பானை சரியாமல் நான் ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். பசறை வந்துதான் எழுப்பினேன்.